ஃபுட் ஸ்டாம்ப் வாங்குகிறவர்களுக்கான வேலை நிபந்தனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஸ்நாப் என்ற உணவு உதவியை நம்மவர்கள் இன்னும் பழைய பெயரிலேயே ஃபுட் ஸ்டாம்ப் என்கிறார்கள். அதற்குப் படிவம் நிரப்பவும், வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்லவும் உதவி வருகிறேன். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் வேலை நிபந்தனையை இறுக்கிய பிறகு ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதவி நின்றுபோய் என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வேலை செய்கிறவர்கள், அல்லது விலக்குக்குத் தகுதி உள்ளவர்கள். அதை அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தாததால்தான் நின்றிருக்கிறது. கீழே விலக்குகளைப் பற்றி விரிவாகச் சொல்வது அதற்காகத்தான்.

ஃபுட் ஸ்டாம்ப் வாங்கினா வேலைக்குப் போயே ஆகணுமா?

எல்லோரும் இல்லை. குழந்தைகளுக்கும், 65 வயது ஆனவர்களுக்கும், வேலை செய்ய முடியாத உடல்நிலையோ மனநிலையோ உள்ளவர்களுக்கும் இந்த நிபந்தனை கிடையாது. மற்றவர்களுக்கு இரண்டு தனித்தனி விதிகள் உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

முதலாவது, பொது வேலை விதி. 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் வேலைக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தகுந்த வேலை கிடைத்தால் மறுக்கக் கூடாது. பயிற்சிக்கு அனுப்பினால் போக வேண்டும். வாரம் 30 மணி நேர வேலையைச் சரியான காரணம் இல்லாமல் விடவோ, நேரத்தைக் குறைத்துக்கொள்ளவோ கூடாது.

இரண்டாவதை இந்தப் பக்கத்தில் மூன்று மாத விதி என்று அழைக்கிறேன். 18 முதல் 64 வயது வரை உள்ள, உடல்நலமுள்ள, 14 வயதுக்குக் கீழ் பிள்ளைப் பொறுப்பு இல்லாதவர்களுக்கானது இது. கேஸ் ஒர்க்கர்கள், அதாவது உங்கள் கோப்பைப் பார்க்கும் அலுவலக ஊழியர்கள், 'ஏபாட்' என்று சொல்வது இவர்களைத்தான். இவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்யாவிட்டால் 36 மாதத்தில் 3 மாதம் மட்டுமே உதவி கிடைக்கும். இந்த விதி 1996இலேயே வந்தது. அப்போது உச்ச வயது 49தான். 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாக 54 ஆக்கியது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் 64 ஆக்கிவிட்டது.

அந்த மூணு மாசம் எப்போ இருந்து கணக்கு? விண்ணப்பிச்ச நாள்ல இருந்தா?

இல்லை. முழு மாதத்துக்கான தொகை வந்த மாதங்கள் மட்டுமே எண்ணப்படும். 14ஆம் தேதி விண்ணப்பித்து மீதி நாட்களுக்கான தொகை மட்டும் வந்தால் அந்த மாதம் சேராது. நீங்கள் 80 மணி நேரத்தை நிறைவு செய்த மாதமும், விலக்கில் இருந்த மாதமும் சேராது. மூன்று மாதங்களும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதும் இல்லை.

36 மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதிய விதியின் கடிகாரம் எந்த மாதம் ஓடத் தொடங்கியது என்பதும் அப்படித்தான். "எனக்கு இதுவரை எத்தனை மாதம் எண்ணியிருக்கிறீர்கள்?" என்று கேஸ் ஒர்க்கரிடம் நேராகக் கேளுங்கள். அது உங்கள் கோப்பில் இருக்கும்.

80 மணி நேரம்னா சம்பள வேலை மட்டும்தானா? கோயில் மடப்பள்ளியில சேவை செய்யறேனே.

சம்பள வேலை மட்டும் என்று விதி சொல்லவில்லை. பணத்துக்குப் பதில் பொருளோ தங்குமிடமோ வாங்கிக்கொண்டு செய்யும் வேலையும் கணக்கில் வரும். சம்பளமில்லாத தொண்டும் வரும். ஆனால் தொண்டு நேரத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது. அதனால் தொடங்கும் முன்பே, "இன்ன கோயிலில் இன்ன வேலை, ஏற்றுக்கொள்வீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் நிர்வாகம் தன் கடிதத்தாளில் உங்கள் பெயர், என்ன வேலை, எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். "தவறாமல் வந்து சேவை செய்கிறார்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயன் இல்லை. மணிக்கணக்கு இருக்க வேண்டும்.

மாநிலம் அங்கீகரித்த வேலைப் பயிற்சியும் சேரும். 50 மணி வேலை, 30 மணி பயிற்சி என்று இரண்டையும் கூட்டலாம். சில இடங்களில் ஒர்க்ஃபேர் என்ற ஏற்பாடு உண்டு. அதில் உங்கள் உதவித்தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்து வரும் மணி நேரம் உழைத்தால் போதும். 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை தனி நபருக்கு அதிகபட்சத் தொகை 298 டாலர். அதை 7.25 டாலரால் வகுத்தால் சுமார் 41 மணி நேரம். மாநிலக் கூலி அதைவிட அதிகமாக இருந்தால் நேரம் இன்னும் குறையும்.

தினமும் வேலை தேடிக்கிட்டுத்தானே இருக்கேன், அது சேராதா?

நீங்களாக வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்புவது சேராது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதியாகச் செய்யும் வேலை தேடல் ஓரளவு சேரும், ஆனால் மொத்த நேரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் அது இருக்க வேண்டும். தேடுவதும் உழைப்புதான், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. தேடிக்கொண்டிருப்பவர்கள் மாநிலத்தின் ஸ்நாப் பயிற்சித் திட்டத்தில் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.

விலக்கு யாருக்கெல்லாம் உண்டு?

கர்ப்பிணிகளுக்கு உண்டு. வேலை செய்ய முடியாத உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்களுக்கு உண்டு. வீட்டில் 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பொறுப்பானவர்களுக்கு உண்டு. அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கொடுத்திருக்கிறது.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒரு வழி. பொது வேலை விதியிலிருந்து விலக்குப் பெற்றவர்களுக்கு மூன்று மாத விதியும் பொருந்தாது. 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையையோ, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நோயாளியையோ கவனித்துக்கொள்கிறவர்கள், வேலையில்லாதோர் காப்பீட்டுத் தொகை வாங்குகிறவர்கள், குடி அல்லது போதைச் சிகிச்சைக்கு ஒழுங்காகப் போகிறவர்கள், பாதி நேரத்துக்குக் குறையாமல் படிக்கிறவர்கள் இதில் வருவார்கள். வாரம் 30 மணி நேரம் வேலை செய்கிறவர்களும், அதற்கு ஈடாகச் சம்பாதிக்கிறவர்களும் வருவார்கள். இந்தக் கடைசி வரிதான் அடுத்த கேள்விக்குப் பதில்.

கேஸ் ஸ்டேஷன்ல வாரம் 18 மணி நேரம்தான் தர்றாங்க. 80 வராது. அப்போ அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். மணி நேரத்தை மட்டும் பார்க்காமல் சம்பளத்தையும் பாருங்கள். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதை 30ஆல் பெருக்கினால் 217.50 டாலர். வாரம் அந்த அளவு சம்பாதித்தால், எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பது முக்கியமில்லை. 30 மணி நேரம் வேலை செய்ததற்குச் சமமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மணிக்கு 13 டாலர் வீதம் 18 மணி நேரம் என்றால் 234 டாலர். எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், இரண்டு விதிகளிலிருந்தும் விலக்கு. பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகையைப் பார்க்க வேண்டாம், சம்பளச் சீட்டில் பிடித்தத்துக்கு முந்தைய தொகையைப் பாருங்கள். கேஸ் ஒர்க்கர் மணி நேரத்தை மட்டும் பார்த்து "போதாது" என்றால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கலிபோர்னியா, நியூ ஜெர்சி போல மாநிலக் கூலி உயர்ந்த இடங்களில் வாரம் 14, 15 மணி நேர வேலையே இந்த எல்லையைத் தொட்டுவிடும்.

எனக்கு 61 வயசு. 60 தாண்டினா வேலை விதி கிடையாதுன்னு போன தடவை சொன்னாங்களே?

போன தடவை சொன்னது சரி. பொது வேலை விதி 59 வயதோடு முடிகிறது, அதில் மாற்றம் இல்லை. மூன்று மாத விதிதான் இப்போது 64 வரை நீண்டுவிட்டது. அதனால் 61 வயதில் உங்களுக்கு முதல் விதி இல்லை, இரண்டாவது உண்டு. வயதால் விடுபட்டது மேலே சொன்ன விலக்கில் சேராது.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. 60 வயதில் வேலை போனவரை யார் கூப்பிட்டு வேலை தருகிறார்கள்? ஆனால் இந்த வயதில் முழங்கால், முதுகு, சர்க்கரை, இதயம் என்று ஏதோ ஒன்று பெரும்பாலானோருக்கு இருக்கிறது. முழு உடல்நலமுள்ளவர் என்று சும்மா 'ஆம்' குறியிட்டுவிடாதீர்கள். கீழே முதுகு வலி பற்றிய பத்தாவது கேள்வியைப் படியுங்கள்.

பையனுக்கு இப்பதான் 14 முடிஞ்சுது. இதுவரைக்கும் எதுவும் கேட்கலையே?

முன்பு வீட்டில் 18 வயதுக்குக் கீழ் யாராவது இருந்தாலே பெரியவர்களுக்கு மூன்று மாத விதி இல்லை. இப்போது அந்த எல்லை 14. அவனுக்குத் தம்பி தங்கை இருந்து, அவர்களில் ஒருவருக்கு 14 ஆகவில்லை என்றால் உங்கள் விலக்கு தொடரும். பையனுக்கு மாற்றுத்திறன் இருந்து முழு நேரக் கவனிப்பு தேவைப்பட்டால், நோயாளியைக் கவனிப்பவருக்கான விலக்கைக் கேளுங்கள். அதற்குப் பிள்ளையின் வயது தடையில்லை.

பேரனைப் பார்த்துக்கறேன். பெத்தவங்களுக்கு மட்டும்தான் விலக்கா?

பெற்றோர் மட்டும் என்று இல்லை. குழந்தையின் பொறுப்பை ஏற்றிருக்கும் வீட்டு உறுப்பினர் யாராகவும் இருக்கலாம். ஆனால் மகள் வீட்டில் தனியாகவும் நீங்கள் வேறு வீட்டில் தனியாகவும் இருந்து, பகலில் மட்டும் பேரன் வந்துபோகிறான் என்றால் அது பலமான காரணம் ஆகாது. ஒரே வீட்டில் இருந்து, மகளும் மருமகனும் வேலைக்குப் போக நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் அதை எழுத்தில் தாருங்கள்.

முதுகு வலியால நிக்கவே முடியலை. ஆனா டிசெபிலிட்டி பணம் வாங்கலை. விலக்கு கிடைக்குமா?

கிடைக்கும். அரசு ஊனத்தொகை வாங்கினால்தான் விலக்கு என்பது தவறான எண்ணம். குறைபாடு பார்த்தவுடனே தெரிந்தால் கேஸ் ஒர்க்கரே முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் மருத்துவத் துறையினர் ஒருவரின் கடிதம் போதும். டாக்டர்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. நர்ஸ், நர்ஸ் பிராக்டிஷனர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரும் தரலாம். மன அழுத்தம், பதற்றம் போன்றவையும் இதில் அடங்கும். நம்மவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

கடிதத்தில் நோயின் பெயரைவிட, "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இவரால் வேலை செய்ய இயலாது" என்ற வரிதான் முக்கியம். அந்தத் தேதி முடிந்ததும் புதுக் கடிதம் கேட்பார்கள். பல மாநிலங்களில் இதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. அதை டாக்டரிடம் கொண்டுபோய் அங்கேயே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

ராணுவத்துல இருந்தவங்களுக்கும் வீடில்லாதவங்களுக்கும் விலக்குன்னு படிச்சேனே?

2023ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் படைவீரர்கள், வீடில்லாதவர்கள், ஃபாஸ்டர் பராமரிப்பிலிருந்து (பெற்றோரிடம் இல்லாமல் அரசுப் பொறுப்பில் வளர்வது) வெளிவந்த 24 வயது வரையிலான இளைஞர்கள் ஆகிய மூவருக்கும் விலக்குக் கொடுத்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. தெருவில் இருப்பவரிடம் மாதாமாதம் சம்பளச் சீட்டு கேட்பது கொடுமை. அவர்களில் பலருக்கு முந்தைய கேள்வியில் சொன்ன உடல், மனநிலை விலக்கு பொருந்தும். அதைக் கேளுங்கள்.

மேனேஜர் திடீர்னு நேரத்தைக் குறைச்சிட்டார். வேலையை விட்டதா எழுதிடுவாங்களா?

முதலாளி குறைத்தது உங்கள் குற்றம் ஆகாது. நீங்களாகக் குறைத்தால்தான் பொது வேலை விதி மீறல். அப்படி மீறினால் முதல் முறை குறைந்தது 1 மாதம், இரண்டாம் முறை 3 மாதம், மூன்றாம் முறை 6 மாதம் உதவி நிற்கும். உடல்நலக் குறைவு, வீட்டில் அவசரம், போக்குவரத்து இல்லாதது போன்றவை சரியான காரணங்களாக ஏற்கப்படும். சம்பளம் தராமல் ஏமாற்றுவது, ஆபத்தான வேலையிடம் ஆகியவற்றையும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் மூன்று மாத விதியில் இருப்பவர்கள், சராசரி நேரம் வாரம் 20 மணிக்குக் கீழே போனால், அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்து 80 எட்டவில்லை, வேலை இன்னும் இருக்கிறது என்றால் அதற்கும் விளக்கம் சொல்லலாம். அந்த மாதத்தை விட்டுக்கொடுப்பார்கள்.

வீட்டுக்காரர் 120 மணி நேரம் வேலை செய்யறார். எனக்கும் சேர்த்து அது போதாதா?

போதாது. கணவன் கணக்கு வேறு, மனைவி கணக்கு வேறு. இருவருக்கும் விதி பொருந்தினால் இருவரும் தனித்தனியாக 80 காட்ட வேண்டும், அல்லது தனித்தனியாக விலக்குப் பெற வேண்டும்.

எனக்கு நின்னா குழந்தைகளுக்கும் நின்னுடுமா?

இல்லை. மூன்று மாத விதியால் நிற்பது அந்த நபரின் பங்கு மட்டும். 15 வயது மகளின் பங்கு தொடரும். உதவித்தொகை ஏறும் இபிடி கார்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பள்ளி உணவு, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான விக் திட்டம், உணவுப்பொருளை இலவசமாகத் தரும் உள்ளூர் ஃபுட் பேன்ட்ரி ஆகியவற்றுக்கு இந்த வேலை நிபந்தனை கிடையாது. மெடிகெய்டு என்ற அரசு மருத்துவ உதவிக்கான வேலை விதி தனிச் சமாசாரம். ஒன்றுக்குக் கொடுத்த காகிதம் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

நாங்கள் இலங்கையில இருந்து வந்து அசைலம் கிடைச்ச ஆக்கள். நான் முழு நேர வேலையும் செய்யிறன். பிறகு ஏன் நிப்பாட்டினவை?

இது வேலை விதியால் நின்றது இல்லை. அதே 2025ஆம் ஆண்டுச் சட்டம், அகதிகளுக்கும் அசைலம் (அரசியல் தஞ்சம்) பெற்றவர்களுக்கும் இருந்த தகுதியை நீக்கிவிட்டது. இப்போது குடிமக்கள், க்ரீன் கார்டு உள்ளவர்கள், கியூபா மற்றும் ஹைட்டியிலிருந்து வந்த சில பிரிவினர், அமெரிக்காவுடன் ஒப்பந்தம் உள்ள பசிபிக் தீவு நாட்டினர் மட்டுமே தகுதி உள்ளவர்கள். எத்தனை மணி நேரம் வேலை செய்து காட்டினாலும் இது மாறாது.

அசைலம் கிடைத்து 1 ஆண்டு ஆனதும் க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அது கைக்கு வந்ததும் ஸ்நாப் அலுவலகத்துக்குப் போங்கள். மற்ற க்ரீன் கார்டுக்காரர்களில் பெரும்பாலான வயது வந்தோருக்கு உள்ள 5 ஆண்டுக் காத்திருப்பு, அசைலம் வழியாக வந்தவர்களுக்கு இல்லை. இங்கேயே பிறந்த பிள்ளைகள் குடிமக்கள், அவர்களுடைய பங்கு நிற்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நிறுத்தியிருந்தால் கடைசிக் கேள்வியில் உள்ளதைச் செய்யுங்கள்.

எச்1பி-ல வேலை போயிடுச்சு. மூணு மாசமாவது கிடைக்குமா?

கிடைக்காது. எச்1பி, எச்4, எஃப்1 விசாக்களுக்கு ஸ்நாப் தகுதியே இல்லை. குடிமகனான குழந்தைக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம், பெற்றோர் வருமானம் கணக்கில் வரும். க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எங்க ஊர்ல வேலையே இல்லை. மாநிலம் விலக்குத் தராதா?

முன்பு வேலை குறைவான பகுதிகளுக்கு மாநிலங்கள் எளிதாகத் தளர்வு வாங்கின. இப்போது வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டிய பகுதிக்குத்தான் கிடைக்கும். அலாஸ்கா, ஹவாய்க்கு மட்டும் தனி அளவுகோல். ஆனாலும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நபர்களுக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கொடுக்கக்கூடிய விருப்ப விலக்குகள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றை எப்படிப் பகிர்வது என்பது மாநிலத்தின் கையில் இருக்கிறது. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

மூணு மாசமும் முடிஞ்சு நின்னு போச்சு. இனி மூணு வருஷம் காத்திருக்கணுமா?

வேண்டாம். ஏதாவது ஒரு 30 நாளில் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ செய்து காட்டினால் திரும்பத் தகுதி வரும். நிபந்தனையைத் தொடர்ந்து நிறைவு செய்துகொண்டிருக்கும்வரை அந்தத் தகுதி நீடிக்கும். பிறகு மறுபடி வேலை போனால், அந்த 36 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை மட்டும், தொடர்ச்சியாக இன்னொரு 3 மாதம் உண்டு. விலக்குக் காரணம் ஒன்று புதிதாக வந்தாலும் உடனே விண்ணப்பிக்கலாம், 80 மணி நேரம் காட்டத் தேவையில்லை. வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் புதிதாக எண்ணத் தொடங்குவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். பழைய மாநிலத்தில் எண்ணிய மாதங்கள் கூடவே வரும்.

விலக்கு இருந்தும் நிறுத்தறோம்னு நோட்டீஸ் வந்திருக்கு. இங்கிலீஷ் அவ்வளவா வராது. என்ன செய்ய?

முதலில் நோட்டீஸில் எந்தத் தேதி முதல் நிற்கும் என்று பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்பே மேல்முறையீட்டு விசாரணை கேட்டால், தீர்ப்பு வரும்வரை பழைய தொகையைத் தொடர்ந்து தரும்படி கேட்கலாம். கடைசியில் தீர்ப்பு எதிராக வந்தால் அந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டிவிட்டாலும் 90 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. வாயால் கேட்டாலே செல்லும், ஆனால் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே விலக்குக்கான காகிதத்தையும் கொடுத்துவிடுங்கள். பல சமயம் விசாரணை வரை போகாமலே கேஸ் ஒர்க்கர் சரிசெய்துவிடுவார். மொழிபெயர்ப்பாளர் தருவது அலுவலகத்தின் கடமை, உங்களுக்குச் செலவில்லை. "தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் போதும், தொலைபேசியில் இணைப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை லீவு போடவைத்து மொழிபெயர்க்க அழைத்துப்போக வேண்டாம். ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் லீகல் எய்ட் அலுவலகம் பெரும்பாலான வட்டாரங்களில் இருக்கிறது. நோட்டீஸ், அது வந்த உறை, சம்பளச் சீட்டுகள், டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.